ஆச்சி முகத்தில் ஐந்நூறு புள்ளிகள்

4கே டிவி வாங்கிய பிறகும் பழைய படம் ஏன் கலங்கித் தெரிகிறது? 720, 1080, 2160 என்ற எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை? டிவிடியும் ப்ளூ-ரேயும் கடையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், எந்த பிளேயரை வாங்கி வைப்பது?

தென்காசியில் அம்மா வீட்டுக்கு தை மாதம் புது டிவி வந்தது. 55 அங்குலம், 4கே. சுவரில் மாட்ட வந்த பையன் கடையில் ஓட்டுகிற டெமோ வீடியோவை ஓட்டிக் காட்டினான். மயில் தோகையில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் கிளம்பியதும் அம்மா உள்ளே போய், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த டிவிடியை எடுத்து வந்தாள். அக்கா கல்யாண டிவிடி. 2006-ல் எடுத்தது.

கல்யாணத்தைவிட அம்மாவுக்கு அதில் முக்கியமானது வேறொன்று. முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், மூன்றாவது வரிசையில் ஆச்சி எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மணவறையைப் பார்த்துச் சிரிப்பாள். மூன்று விநாடிதான். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆச்சி அசைகிற படம் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான். ஆச்சி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

ஆச்சி வந்தாள். அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். "என்னய்யா இது, எங்கம்மா மொகம் இப்படி மெழுகு உருகுன மாதிரி தெரியுது? பழைய டப்பா டிவியில நல்லாத்தான இருந்துச்சு. புதுசுல கோளாறா?"

டிவியில் கோளாறு இல்லை. ஆனால் அம்மா சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று விளக்கப் போனால், எச்.டி. என்ற விஷயத்தை முழுக்கப் பேசியாக வேண்டும்.

அந்த டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டு, ஆச்சி சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். நெற்றியிலிருந்து முகவாய் வரை சுமார் 25 புள்ளிகள். காதுக்குக் காது 20. ஆக, ஆச்சியின் முகம் மொத்தமும் ஐந்நூறு புள்ளிகள். சிரிப்பு, சுருக்கம், மூக்குத்தி எல்லாம் அதற்குள்தான்.

கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஐந்து புள்ளி வைத்து ஒரு பூ போடலாம். மயில் போட வேண்டும் என்றால் இருபத்தோரு புள்ளியாவது வேண்டும். வாசல் எவ்வளவு பெரியது என்பது வேறு, எத்தனை புள்ளி வைத்தோம் என்பது வேறு. ஐந்து புள்ளிக் கோலத்தைத் தெரு முழுக்க இழுத்துப் போட்டாலும் அது மயில் ஆகாது.

டிவிடியில் நம் ஊரில் புழங்கிய பேல் முறைப்படி ஒரு படத்துக்குக் குறுக்கே 720, உயரத்தில் 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. அம்மாவின் புது டிவியில் குறுக்கே 3840, உயரத்தில் 2160. பெருக்கினால் 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. டிஸ்க்கில் ஒரு புள்ளி இருக்கும் இடத்தில் திரையில் இருபது புள்ளிகள் காத்திருக்கின்றன. மீதிப் பத்தொன்பதையும் டிவியே பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். ஆச்சியின் ஐந்நூறு புள்ளி பத்தாயிரம் ஆகிறது. அதில் 9,500 ஆச்சி இல்லை, டிவியின் கற்பனை. அம்மா பார்த்த மெழுகு அதுதான்.

பழைய 21 அங்குலக் குழாய் டிவி இந்த டிஸ்க்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதே வரிகள், சின்னத் திரை, இயல்பாகவே கொஞ்சம் குழைவான வெளிச்சம். குறை கண்ணில் படவே இல்லை.

கடையில் சொல்லும் எண்கள்

டிவி கடையில் அட்டைப் பெட்டி மேல் எழுதியிருப்பதை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடலாம். 720 பி என்றால் குறுக்கே 1280, உயரத்தில் 720. ஏறக்குறைய ஒன்பதேகால் லட்சம் புள்ளி. 1080 என்றால் 1920-க்கு 1080, இருபது லட்சத்துக்குச் சற்று மேல். இதுதான் ஃபுல் எச்.டி. 4கே என்பது 83 லட்சம், 8கே என்பது மூன்று கோடியே 31 லட்சம்.

இதில் ஒரு குழப்பத்தை வியாபாரிகள் தெரிந்தே செய்தார்கள் என்று நினைக்கிறேன். 720, 1080 என்பவை உயரத்தை எண்ணிய கணக்கு. 4கே வந்தபோது சத்தமில்லாமல் அகலத்துக்கு மாறிவிட்டார்கள். பழைய கணக்கிலேயே சொல்லியிருந்தால் அது 2160 பி. அந்த 3840-ம் நாலாயிரம் இல்லை. தியேட்டரில் 4கே என்றால் 4096. வீட்டு டிவிக்கு அந்தப் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

32 அங்குலத்தில் வெறும் எச்.டி. என்றோ எச்.டி. ரெடி என்றோ விற்பவை பெரும்பாலும் 1366-க்கு 768. எந்த ஒளிபரப்பும் எந்த டிஸ்க்கும் இந்த அளவில் வருவதில்லை. 720-ல் வந்தால் கொஞ்சம் இழுக்க வேண்டும், 1080-ல் வந்தால் கொஞ்சம் சுருக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்று நேராகப் பொருந்தும் வாய்ப்பே அதில் இல்லை. சமையலறைக்கோ சின்ன அறைக்கோ அது போதும், குறை சொல்லவில்லை. தெரிந்து வாங்குங்கள் என்கிறேன்.

எத்தனை அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்று எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான். நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். அந்தக் கணக்கில் 55 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய ஏழு அடிக்குள் உட்கார வேண்டும். 43 அங்குலம் என்றால் ஐந்தரை அடி. நம் ஹாலில் சோபா பத்தடி தள்ளிச் சுவரோரம் கிடக்கும். அங்கிருந்து பார்த்தால் 43 அங்குலத்தில் ஃபுல் எச்.டி.க்கும் 4கே-க்கும் புள்ளிக் கணக்கில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது.

அப்படியானால் 4கே டிவி வீணா? இல்லை. அதோடு சேர்ந்து வந்த வேறொரு வசதி, தூரத்திலிருந்தும் தெரியும். எச்.டி.ஆர். என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். டிவிடி, சாதாரண ப்ளூ-ரே எல்லாம் ஒரு நிறத்துக்கு 256 படிகள். எச்.டி.ஆர். படங்களில் 1,024 படிகள், கூடவே வெளிச்சத்தின் வீச்சும் அதிகம். இருட்டான கர்ப்பக்கிரகத்தில் குத்துவிளக்கு எரிகிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகவும், சுற்றி இருட்டு வளையம் வளையமாகவும் தெரியும். நல்ல எச்.டி.ஆர். திரையில் சுடருக்குள் மஞ்சளும், சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தே தெரியும். ஆனால் எச்.டி.ஆர். என்று எழுதியிருக்கிற எல்லா டிவிக்கும் அந்த வெளிச்சத்தைக் கொடுக்கும் தெம்பு கிடையாது. மலிவான பெட்டிகளில் அது வெறும் ஸ்டிக்கர்தான். புள்ளியைக் கூட்டுவதற்குச் செலவழிக்கும் காசை நல்ல வெளிச்சத்துக்குச் செலவழியுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாலி கட்டும் கையில் சீப்புப் பற்கள்

1080-க்குப் பின்னால் வரும் ஐ, பி என்ற எழுத்துகளைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் கல்யாண டிஸ்க்கிலேயே அதைப் பார்க்கலாம்.

மாப்பிள்ளை தாலி கட்டும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். மணவறைத் தூண் தெளிவாக இருக்கிறது. ஆனால் அசைகிற கை மட்டும் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிளந்து நிற்கிறது. காரணம் இதுதான்: அந்தக் காலத்து கேமரா 576 வரிகளையும் ஒரே மூச்சில் எடுக்கவில்லை. 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகளை முதலில் எடுத்தது. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகளை எடுத்தது. அந்த இடைவெளியில் கை நகர்ந்துவிட்டது. குழாய் டிவி அதே வரிசையில் வரைந்ததால் கண் இரண்டையும் சேர்த்து ஒரே அசைவாக வாங்கிக்கொண்டது. இன்றைய தட்டை டிவி எல்லா வரியையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், இரண்டு வேறு நேரத்துப் பாதிகளை அது முதலில் ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுவதில் கெட்டிக்கார டிவியும் உண்டு, சொதப்புகிற டிவியும் உண்டு.

இப்படி இரண்டு பாதியாக அனுப்புவதுதான் ஐ. முழுப் படமாக அனுப்புவது பி. ஒளிபரப்புக்காரர்களுக்கு ஐ என்பது அலைவரிசையை மிச்சப்படுத்துகிற வழி. அமெரிக்காவில் எச்.டி. ஒளிபரப்பு வந்தபோது விளையாட்டு காட்டுகிற ஈஎஸ்பிஎன், 1080 ஐ-யை விட்டுவிட்டு 720 பி-யை எடுத்துக்கொண்டது. ஓடுகிற பந்துக்கு அதிக வரியைவிட, விநாடிக்கு அறுபது முழுப் படம்தான் உதவும் என்பது அவர்கள் கணக்கு. எண் சின்னதாக இருந்தால் படம் மட்டம் என்று சொல்ல முடியாததற்கு இது நல்ல சாட்சி.

சினிமாவுக்கு வந்தால் கதை வேறு. படம் எடுப்பதே விநாடிக்கு 24 பிரேம். ஒரு பிரேமை இரண்டு பாதியாக வெட்டி 1080 ஐ-யாக அனுப்பினாலும், இரண்டு பாதியும் ஒரே நொடியைச் சேர்ந்தவை. நல்ல டிவி அவற்றைத் திரும்பச் சேர்த்தால் ஒரு வரிகூடக் குறையாமல் முழுப்படம் கிடைத்துவிடும்.

இந்த 24 என்ற எண்ணுக்குள் இன்னொரு ரகசியம் உண்டு. பேல் முறை டிவி விநாடிக்கு 25 பிரேம் கேட்கும். ஆகவே பேல் டிவிடி தயாரிக்கும்போது 24 பிரேம் படத்தை அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். தனியாகத் திருத்தாவிட்டால் பாட்டு அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக மேலே போய்விடும். சங்கீத ஞானம் உள்ள சிலர் டிவிடியில் பாட்டு ஏதோ மாதிரி இருக்கிறதே என்று சொன்னது வீண் பேச்சில்லை. ப்ளூ-ரேயில் படம் 24 பிரேமாகவே பதிவாகிறது. சுருதி தப்பாது.

கெட்டிமேளம் கொட்டும்போது

புள்ளியின் எண்ணிக்கை பாதிக் கதைதான். மீதிப் பாதியை எந்த டிவி பெட்டியிலும் எழுதுவதில்லை.

எங்கள் டிஸ்க்கில் ஐயர் மந்திரம் சொல்லும் வரை படம் ஒழுங்காக இருக்கிறது. கெட்டிமேளம் ஆரம்பித்து, நாலா பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் பறக்கத் தொடங்கியதும் படம் சிதறுகிறது. முகங்கள் மேல் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். கல்யாணத்தின் உச்சத்தில்தான் படம் மிக மோசமாக இருக்கிறது.

டிஸ்க்கில் எல்லாப் படத்தையும் முழுதாக எழுதி வைக்க இடம் இல்லை. முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதுவதுதான் எம்பெக் முறையின் தந்திரம். மணவறையும் தூணும் அசையாமல் இருக்கும்போது எழுத வேண்டியது கொஞ்சம். ஆயிரம் அரிசி ஒரே நேரத்தில் பறந்தால் திரை முழுக்க மாற்றம். ஆனால் எழுத ஒதுக்கிய இடமோ அதே அளவு. இடம் போதாதபோது அது விவரத்தை வெட்டிவிட்டுக் கட்டம் கட்டமாகப் பூசி நகர்ந்துவிடுகிறது. மழை, பட்டாசு, ஹோமப் புகை, ஆற்றுத் தண்ணீர், எங்கே பார்த்தாலும் இதே கதை.

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. வீடியோவுக்கு விநாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் கொடுக்கலாம். ஆனால் கல்யாண வீடியோக்காரர் மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அடைத்தால் விநாடிக்கு மூன்றரை மெகாபிட்தான் தேறும். அட்சதை சிதறாமல் என்ன செய்யும்?

இதை வைத்து மற்றவற்றை நிறுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் தெருவெங்கும் கிடைத்த விசிடியில் விநாடிக்கு 1.15 மெகாபிட், புள்ளிகளும் டிவிடியில் கால் பங்கு. ஒரு டிஸ்க்கில் எழுபத்து நாலு நிமிடம். அதனால்தான் இரண்டரை மணி நேரப் படம் இரண்டு மூன்று டிஸ்க்காக வந்தது, பாட்டு நடுவில் எழுந்து டிஸ்க் மாற்றினோம். ப்ளூ-ரேயில் வீடியோவுக்கு 40 மெகாபிட் வரை. 4கே ப்ளூ-ரேயில் மொத்தம் 128 வரை. இணையத்தில் 4கே படம் பார்க்க நெட்பிளிக்ஸ் கேட்கும் வேகம் 15 மெகாபிட். புதிய சுருக்கும் முறைகள் பழைய எம்பெக்கைவிடக் கெட்டிக்காரத்தனமானவை என்பதால் எண்ணை எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒரே படத்தை ஸ்ட்ரீமிங்கிலும் 4கே டிஸ்க்கிலும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களுக்கு, மழைக் காட்சியிலும் இருட்டுக் காட்சியிலும் வித்தியாசம் தெரியாமல் போகாது. ஒலியில் அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

எனக்கு டிஸ்க் மேல் இருக்கும் பிடிப்புக்குக் காரணம் இதுதான். நாம் காசு கொடுத்து வாங்கிய திரைக்கு வயிறு நிறையச் சோறு போடும் பாத்திரம் வீட்டில் வேறு எதுவும் இல்லை.

இரண்டு நிறுவனங்கள் அல்ல, இரண்டு முகாம்கள்

அக்கா கல்யாணம் நடந்த அதே 2006-ல்தான் எச்.டி. பட டிஸ்க்குகள் கடைக்கு வந்தன. அதுவும் இரட்டைக் குழந்தைகளாக, வந்த அன்றே பகையாளிகளாக.

இரண்டுக்கும் தாய் ஒரு நிறம். சிடியைப் படித்தது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. டிவிடியைப் படித்தது 650 நானோமீட்டர் சிவப்பு. ஊசி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நெருக்கமாகத் தைக்கலாம். நீலத்துக்குப் போக முடிந்தால் இன்னும் நெருக்கமாக எழுதலாம் என்று எல்லாருக்கும் தெரியும். நீல ஒளி தரும் பொருள்தான் கையில் இல்லை. ஜப்பானில் தோக்குஷிமா பக்கம் இருந்த நிச்சியா என்ற ரசாயன நிறுவனத்தில் வேலை பார்த்த ஷூஜி நகமுரா 1990-களில் காலியம் நைட்ரைடை வைத்து அதைச் சாதித்தார். நீல எல்.இ.டி.க்காக அவருக்கும் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ இருவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த 405 நானோமீட்டர் ஊதா லேசர்தான் புது டிஸ்க்குகளைப் படித்தது.

தோஷிபா கொண்டுவந்த எச்.டி. டிவிடி, பழைய டிவிடி போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் தகவலைப் பதித்தது. பழைய தொழிற்சாலைகளைக் கொஞ்சம் மாற்றினாலே தயாரிக்கலாம், செலவு குறைவு. ஓர் அடுக்கில் 15 ஜிபி. சோனி முகாமின் ப்ளூ-ரே, மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் அடியிலேயே எழுதியது. அதனால் ஓர் அடுக்கில் 25 ஜிபி. ஆனால் மேலே ஒரு கீறல் விழுந்தாலே தகவல் போய்விடும் என்பதால், முதலில் டிஸ்க்கை ஒரு கூட்டுக்குள் அடைத்து விற்க வேண்டியிருந்தது. கீறல் தாங்கும் கடினமான பூச்சு கண்டுபிடித்த பிறகுதான் கூடு போனது. இன்றும் ப்ளூ-ரே டிஸ்க்கைத் துடைத்தால் டிவிடியைவிடத் திடமாக வழுக்கும். அந்தப் பூச்சுதான் அது.

அமெரிக்காவில் 2006 ஏப்ரலில் தோஷிபாவின் பிளேயர் 499 டாலருக்கு வந்தது. ஜூனில் சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். விலையில் தோஷிபா கை ஓங்கியிருந்தது. ஆனால் அந்த முதல் தோஷிபா பிளேயர் 1080 ஐ-தான் அனுப்பும் என்று வாங்கியவர்கள் கலங்கினார்கள். டிஸ்க்கில் இருந்தது முழு 1080 பி. மேலே சொன்னபடி நல்ல டிவி அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அந்த ஓர் எழுத்துக்காக எத்தனையோ பேர் தூக்கம் இழந்தார்கள்.

படக் கம்பெனிகளும் பிரிந்து நின்றன. யூனிவர்சல் ஒரு பக்கம், டிஸ்னியும் ஃபாக்ஸும் இன்னொரு பக்கம். பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் எச்.டி. டிவிடி பக்கம் தாவியது. ஒரு படம் வேண்டுமென்றால் ஒரு பிளேயர், இன்னொரு படம் வேண்டுமென்றால் வேறு பிளேயர். இரண்டையும் ஓட்டும் பிளேயரை எல்.ஜி. 2007-ல் கொண்டுவந்தது. அந்த நவம்பரில் வால்மார்ட் கடைகளில் தோஷிபா பிளேயர் நூறு டாலருக்கும் கீழே விற்றது. ஆனால் சோனி 2006 நவம்பரில் விட்ட பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே ப்ளூ-ரே இருந்தது. விளையாட வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் பிளேயர் தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்றது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா கடையைக் கட்டியது. இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அடுத்த வருடமே தோஷிபாவும் ப்ளூ-ரே சங்கத்தில் சேர்ந்துகொண்டது. நூறு டாலருக்குக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்கள்தான் பாவம்.

இந்தச் சண்டை நடந்த காலத்தில் நம் ஊர் வேறு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. திருட்டு விசிடி விலைக்கே நல்ல டிஸ்க். பெட்டிக்கடையில்கூடத் தொங்கியது. ப்ளூ-ரே அந்த விலைக்கு ஒருநாளும் வரவில்லை. இங்கே அது சாதாரண வீட்டுப் பொருளாகவே ஆகவில்லை. விசிடியிலிருந்து டிவிடிக்கு வந்தோம், அங்கிருந்து நேராக செல்போனுக்குப் போய்விட்டோம். நடுவில் ஒரு படிக்கட்டை நாம் மிதிக்கவே இல்லை.

இப்போது என்ன வாங்குவது?

4கே ப்ளூ-ரே 2016-ல் வந்தது. 66 ஜிபி, 100 ஜிபி டிஸ்க்குகள், எச்.டி.ஆர். வசதியோடு. தரத்தில் வீட்டுக்கு வந்ததிலேயே இதுதான் உச்சம். ஆனால் உச்சத்தில் இருக்கும்போதே கூட்டம் கலைய ஆரம்பித்துவிட்டது. ஆர்வலர்கள் கொண்டாடிய ஒப்போ 2018-ல் விலகியது. 2019-ல் சாம்சங் அமெரிக்காவுக்குப் புது பிளேயர் தருவதை நிறுத்தியது. 2024 முடிவில் எல்.ஜி.யும் போனது. சோனியும் பானசோனிக்கும் இன்னும் இருக்கின்றன. பிளேயர் வாங்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

வீட்டில் பழைய டிவிடி மட்டும்தான் இருக்கிறது என்றால் எச்.டி.எம்.ஐ. உள்ள எளிய டிவிடி பிளேயரே போதும். பெட்டியில் 1080 பி அப்ஸ்கேலிங் என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு தராதீர்கள். அந்த ஊகிக்கும் வேலையை உங்கள் டிவியே செய்யும், பெரும்பாலும் இன்னும் நன்றாகவே செய்யும். முக்கியமானது வயர். நான் முதலில் அம்மாவின் பழைய பிளேயரை மஞ்சள் வயர் வழியாகத்தான் இணைத்தேன். அதில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போவதால், அக்காவின் பட்டுக் கரையில் எறும்பு ஊர்வது மாதிரி புள்ளிகள் ஓடின. எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றியதும் எறும்பு போனது. எச்.டி.எம்.ஐ. வயரில் தங்க முலாம், ஆயிரக்கணக்கில் விலை என்றெல்லாம் ஏமாற வேண்டாம். 4கே வேகத்தைத் தாங்கும் சான்று உள்ள வயர் என்றால் படம் ஒன்றுதான்.

ப்ளூ-ரே பிளேயர் டிவிடியையும் ஓட்டும். 4கே பிளேயர் மூன்றையும் ஓட்டும். கையில் காசு இருந்தால் என் ஓட்டு 4கே பிளேயருக்கே. ஆனால் எல்லா ப்ளூ-ரே பிளேயரும் விசிடியை ஓட்டாது. வீட்டில் விசிடி இருந்தால் ஒன்றைக் கடைக்கே எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பிளேஸ்டேஷன் 5 கேட்டால் டிஸ்க் போடும் மாடலாக வாங்கினால் 4கே ப்ளூ-ரே பிளேயரும் சேர்ந்து வந்தது மாதிரி. ஆனால் அதில் பாட்டு சிடி ஓடாது.

வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம், சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, அமெரிக்கா 1. ப்ளூ-ரேயில் இந்தியா சி, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. சிங்கப்பூர் சித்தப்பா ஆசையாக வாங்கி வந்த ப்ளூ-ரே சென்னை பிளேயரில் ஓடாமல் போனால் அவர் மேல் தப்பில்லை. பூட்டுப் போடாத டிஸ்க்குகளும் நிறைய உண்டு. அட்டையின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். 4கே டிஸ்க்குக்கு இந்த மண்டலப் பூட்டே கிடையாது.

எந்த பிளேயராக இருந்தாலும் டிவியின் செட்டிங்கில் கை வைக்காமல் விடாதீர்கள். கடை வெளிச்சத்துக்காக வைத்த விவிட் மோடிலேயே பல வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. சினிமா மோடுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். அது விவரத்தைக் கூட்டுவதில்லை, ஓரங்களில் வெள்ளைக் கோடு போடுகிறது. படம் பார்க்கும்போது "சினிமா சீரியல் மாதிரி இருக்கு" என்று தோன்றினால், இல்லாத பிரேம்களை டிவி நடுவில் இட்டு நிரப்புகிறது என்று அர்த்தம். சீரியல் விநாடிக்கு ஐம்பது அசைவாகப் பதிவாகிறது, சினிமா இருபத்து நான்காக. மோஷன் என்ற பெயரில் இருக்கும் அந்த வசதியை நிறுத்தினால் சினிமா மறுபடி சினிமாவாகும்.

அம்மாவின் டிவியில் இதையெல்லாம் செய்தேன். இன்னொன்றும் செய்தேன். 2006 கல்யாணம் 4:3 சட்டகத்தில் எடுத்தது. அதைத் திரை முழுக்க இழுத்திருந்ததால் எல்லாரும் குண்டாகத் தெரிந்தார்கள். 4:3-க்கு மாற்றியதும் இரு பக்கமும் கறுப்பு விழுந்தது. நடுவில் ஆச்சி ஒல்லியாக, அவள் இருந்தபடியே நின்றாள். "இப்பத்தான் எங்கம்மா," என்றாள் அம்மா. கலக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

அது போகாது என்பதையும் அம்மாவிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தை 2012-ல் டிஜிட்டலில் மெருகேற்றித் தியேட்டர்களில் ஓட்டினார்கள்; அறுபதுகளின் படம் இன்றைய பெரிய திரையைத் தாங்கி நிற்கிறது. 35 எம்.எம். பிலிமுக்குள் டிவிடி ஒருநாளும் காட்டாத விவரம் பதிந்து கிடக்கிறது. ஆச்சி பதிவானது பிலிமில் அல்ல, டிஜிட்டல் கேசட்டில். பிறக்கும்போதே 576 வரி. அந்த ஐந்நூறு புள்ளிக்கு மேல் ஆச்சி எங்கேயும் இல்லை.

ஆனால் அந்த ஐந்நூறாவது சுத்தமாக இருக்கலாம். கேமராவில் ஓடிய அந்தச் சின்ன கேசட், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, விநாடிக்கு 25 மெகாபிட் எழுதியது. டிஸ்க்குக்கு வந்ததோ அதில் ஏழில் ஒரு பங்கு. கேசட் கிடைத்தால் அட்சதை சிதறாது, ஆச்சியின் மூக்குத்தி பக்கத்துப் புள்ளியோடு கரைந்து போயிருக்காது.

அவசரமும் இருக்கிறது. கடையில் வாங்கிய படத்தின் டிஸ்க்கில் தகவல் அச்சில் அழுத்திப் பதிந்திருக்கும். கல்யாண டிஸ்க்கில் அது ஒரு சாயத்தில் சுட்டு எழுதியது. அடிப்பக்கத்தின் ஊதா நிறம் அந்தச் சாயம்தான். வெயிலும் வெக்கையும் அதற்கு ஆகாது. மேலே ஒட்டிய மணமக்கள் போட்டோ ஸ்டிக்கரும் ஆகாது. டிஸ்க் சுழலும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும். எங்கள் டிஸ்க்கிலும் அந்த ஸ்டிக்கர் உண்டு. வரவேற்பில் இரண்டு பாட்டுக்கான இடம் இப்போதே படிக்கவில்லை. மீதியை அன்றைக்கே ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை வீடியோ எடுத்தவரின் வீட்டைத் தேடிப் போனேன். ஸ்டுடியோ மூடி வருஷங்கள் ஆகின்றன. அவர் மகன் பரணில் ஏறி ஒரு பிஸ்கட் டின்னை இறக்கித் தந்தார். உள்ளே பென்சிலில் தேதி எழுதிய கேசட்டுகள். அக்கா பெயர் போட்டு மூன்று இருந்தன. அம்மா அவற்றை அதே துணியில் சுற்றி, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஓட்டிப் பார்க்க அந்தக் காலத்துக் கேமரா ஒன்று வேண்டும், அதிலிருந்து படத்தை இறக்க ஃபயர்வயர் துளை உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். கம்ப்யூட்டர் சிநேகிதன் ஒருவனிடம் கிடைத்துவிட்டது. கேமராவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.